கிட் யாரிடம் இருக்கிறது?



சென்ற இதழ் வெளியான வாரத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன் ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை எழுவதில்லையாம். புகார் சொல்லும் தொனி கடிதத்தில் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. "யாரிடமோ பேசிக்கொண்டே விளையாடுகிறான். 'நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா' என்கிறான். கொஞ்ச நேரத்தில் 'சாரிடா, என் தப்புதான்' என்கிறான். ஆளை ஆள் சுடுகிற விளையாட்டில் யாரிடம், எதற்காக மன்னிப்புக் கேட்கிறான்?"

இந்தக் கேள்வி பல நாள் என்னோடு இருந்தது. பதில் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

2005இல் நான் விடுதி மாணவன். இரண்டாம் மாடியில் எட்டு அறைகளையும் இணைத்து ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிள் ஓடும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தவர்களிடம் 'டஸ்ட் 2' என்ற ஆட்டக்களத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். அதன் மணல் நிறச் சுவர்களும் நீளமான சந்தும் எங்களுக்குச் சொந்த ஊர்த் தெரு மாதிரி மனப்பாடம். எல்லோரும் நல்ல துப்பாக்கிக்குப் பணம் சேர்ப்போம். தூத்துக்குடிப் பக்கத்துச் சீனியர் ஒருவர் மட்டும் ரவுண்டு தொடங்கியதும் முதல் வேலையாகக் கிட் வாங்குவார். குண்டைச் செயலிழக்கச் செய்யும் கருவிக்கு அதுதான் பெயர். அன்று விலை 200 டாலர், ஆட்டத்துப் பணத்தில். அதை வைத்து யாரையும் சுட முடியாது. ஆட்டம் முற்றும் நேரத்தில் "கிட் யார்கிட்ட இருக்கு?" என்று அறைக்கு அறை கத்துவோம். "எங்கிட்ட" என்று தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரே குரல் வரும். அவருக்குக் 'கிட் அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடிதம் வந்த பிறகு, கோவையில் இருக்கும் என் அக்கா மகனோடு மூன்று சனிக்கிழமை இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஆடுவது அதே ஆட்டத்தின் புதிய வடிவம், 2023இல் வெளியான கவுன்டர் ஸ்ட்ரைக் 2. கிட் விலை இப்போது 400 டாலர். அவனுடைய ஐவர் அணியில் முதல் பாதி முழுக்க யாருமே கிட் வாங்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "டேய், கிட் வாங்குடா" என்றேன். "மாமா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

ஆடிப் பழகாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஐந்து பேர். ஓர் அணியின் கையில் ஒரு குண்டு. மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், ஏ, பி என்று இரண்டு இடங்கள் உண்டு, அவற்றில் ஒன்றில் அதை வைக்க வேண்டும். மற்ற அணி தடுக்க வேண்டும், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி. முதலில் 13 ரவுண்டு எடுப்பவர்களுக்கு வெற்றி. ரவுண்டின் நடுவே செத்தால் அது முடியும்வரை திரும்ப வர முடியாது. உயிரோடு இருக்கும் தோழனின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல், 'ஹாஃப் லைஃப்' என்ற வேறொரு ஆட்டத்தின் மேல் கட்டியது இது. தொடக்கத்தில் பிணைக்கைதிகளை மீட்பதுதான் வேலை. குண்டு அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்தது, வந்ததும் ஆட்டத்தின் உயிராகவே ஆகிவிட்டது. ஏன் என்று யோசித்தால், வைத்த குண்டு வெடிக்கும் வரையிலான அந்தச் சில விநாடிகள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குண்டு வைக்கப்பட்டால் 40 விநாடியில் வெடிக்கும். செயலிழக்கச் செய்யக் கிட் இருந்தால் 5 விநாடி, இல்லாவிட்டால் 10 விநாடி. நடுவில் கையை எடுத்தால் செய்ததெல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரிகள் ஐவரும் செத்திருந்தாலும் குண்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசி எதிரியை வீழ்த்திவிட்டுக் கைதட்டி முடிப்பதற்குள் குண்டு வெடித்துத் தோற்ற அணிகள் எத்தனையோ. எட்டு விநாடி மிச்சம் இருக்கிறது, குண்டின் பக்கத்தில் ஆள் நிற்கிறார், ஆனால் கையில் கிட் இல்லை. அந்த ஆட்டக்காரர் அங்கே நிற்கிற நிற்பைப் பார்த்தவர்களுக்கு 400 டாலரின் அருமை புரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. குண்டு வைக்கும் வரை தாக்குகிற அணிதான் வந்தாக வேண்டும், காக்கிற அணி காத்திருக்கலாம். வைத்த நொடியில் இது தலைகீழாகிறது. இப்போது காக்கிறவர்கள் வந்தாக வேண்டும். வைத்தவர்கள் யாரையும் சுடத் தேவையில்லை, நேரத்தை ஓட்டினால் போதும். இதை எல்லோரும் அறிவார்கள். அறிந்தும் செய்ய முடிவதில்லை. இரண்டாவது சனிக்கிழமை 'மிரேஜ்' மேப்பில் என் கண்முன்னே நடந்தது. மருமகனின் அணி பி இடத்தில் குண்டை வைத்தது. இவர்கள் மூவர், எதிரிகள் இருவர். ஆளுக்கொரு மூலையில் பதுங்கியிருந்தாலே ரவுண்டு கைக்கு வந்திருக்கும். ஒருவன் காலடிச் சத்தம் கேட்டு வேட்டைக்குக் கிளம்பினான், போன இடத்தில் விழுந்தான். அவனுக்காகப் பழிவாங்க அடுத்தவன் ஓடினான், அவனும் விழுந்தான். மருமகன் மட்டும் இருட்டு மூலையில் ஒடுங்கியிருந்தான். எதிரி குண்டைத் தொடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அந்த எதிரி சும்மா தொட்டுவிட்டுக் கையை எடுத்திருந்தான், இவனை வெளியே வரவழைக்கத்தான். இவன் வருவான் என்று இன்னொருத்தன் துப்பாக்கியோடு காத்திருந்தான். தோற்றார்கள்.

"அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினாங்க மாமா. நாங்க மூணு பேரும் தனித்தனியா ஆடினோம்" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஸ்கோர்போர்டைப் பார்த்தால் இந்தக் கதை தெரியாது. வேட்டைக்குப் போன பையன் அன்று பட்டியலில் முதலிடம். அதுதான் என்னை உறுத்தியது. கில், அதாவது எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பது, எண்ண எளிது, அதனால் எண்ணப்படுகிறது. சரியான நேரத்தில் வாசலை மறைத்த ஸ்மோக் எனும் புகைக் குண்டு, தான் நல்ல துப்பாக்கி வைத்துக்கொள்ளாமல் தோழனுக்கு வாங்கிப் போட்டது, முப்பது விநாடி அசையாமல் ஒரு மூலையைக் காத்தது, இவற்றுக்கெல்லாம் கட்டம் இல்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. எங்கள் 1.6 காலத்தில் குண்டைச் செயலிழக்கச் செய்தவருக்குக் கில் கணக்கில் மூன்று கூட்டிக் கொடுப்பார்கள். கிட் அண்ணனின் எண்ணிக்கையில் பாதி அப்படி வந்ததுதான். உலகப் போட்டிகளின் கணக்கை வைத்திருக்கும் எச்எல்டிவி தளம் 2017இல் தன் மதிப்பீட்டு முறையை மாற்றியபோது ஒரு நல்ல காரியம் செய்தது. சுட்டீர்களா, சுட உதவினீர்களா, பிழைத்தீர்களா என்பதோடு, நீங்கள் செத்த உடனே உங்களைக் கொன்றவனை உங்கள் ஆள் வீழ்த்தினானா என்பதையும் சேர்த்துக்கொண்டது. விழுந்தவனுக்கும் அந்த ரவுண்டில் பங்கு உண்டு என்று கணக்கிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

இங்கேதான் ஈரோட்டு அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

'நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா.' மூலை திரும்பி முதலில் போகிறவர் பெரும்பாலும் சாவார். எதிரி அந்த மூலையைக் குறிவைத்துக் காத்திருப்பார். முதல் ஆள் விழும்போது எதிரி இருக்கும் இடம் தெரிந்துவிடும், அவர் துப்பாக்கியும் அந்தப் பக்கமே இருக்கும். அரை விநாடியில் இரண்டாம் ஆள் வந்து அவரை வீழ்த்தினால் ஒன்றுக்கு ஒன்று, வழியும் திறந்தது. இதை 'டிரேட்' என்கிறார்கள். இரண்டாம் ஆள் பத்தடி பின்தங்கினால் முதல் ஆள் வீணாகச் செத்தார் என்று ஆகிவிடும். ஆகவே 'பின்னாலயே' என்பதில் அந்த 'ஏ'காரம்தான் முக்கியம். முன்னால் போக முன்வருகிறவர் தன் எண்ணிக்கை கெடும் என்று தெரிந்தே போகிறார். உங்கள் மகன் அந்த இடத்தை ஏற்கிறான் அம்மா.

'சாரிடா, என் தப்புதான்.' முதல் ஆள் திரும்பும் கணத்தில் எதிரியின் கண்ணைக் கூசவைக்க, பின்னால் நிற்பவர் ஃபிளாஷ் குண்டைச் சுவருக்கு மேலே வீசுகிறார். அது கொஞ்சம் முந்தி வெடித்தாலோ பிந்தி வெடித்தாலோ தன் ஆளின் கண்ணே வெளுத்துப்போகும். இந்த ஆட்டத்தில் நம்முடைய ஃபிளாஷ் நம்மவரையும் குருடாக்கும். தவறினால் செத்தவர் அந்த ரவுண்டு முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே மன்னிப்புக் கேட்கிறார்கள், உடனே கேட்கிறார்கள், அடுத்த ரவுண்டு பதினைந்து இருபது விநாடியில் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் மனக்கசப்பைத் தீர்த்தாக வேண்டும்.

இதை உலகின் உச்சத்தில் ஆடிக் காட்டியவர்கள் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணியினர். 'மேஜர்' என்று சொல்லப்படும் மிகப் பெரிய போட்டியை நான்கு முறை வென்றார்கள். 2017 ஜனவரியில் அட்லாண்டா, 2018இல் லண்டன், 2019இல் போலந்தின் கட்டோவிட்சே, அதே ஆண்டு பெர்லின். கடைசி மூன்றும் தொடர்ச்சியாக. அவர்களுடைய ஆட்டங்களைப் பார்த்தால் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் புகையும் நெருப்பும் ஃபிளாஷும் வரிசையாக வந்து விழும், ஏற்கெனவே எழுதி வைத்த இசைக் குறிப்பு போல. எதிரி தலைநிமிர்ந்து பார்க்கும்போது நிற்க இடம் இருக்காது. களத்தில் என்ன செய்வது என்று கட்டளை சொன்னவர் லூகாஸ் ரோஸாண்டர், 'கிளேவ்' என்ற பெயரில் ஆடியவர். என் மனதுக்கு நெருக்கமானவர் இன்னொருவர். ஆண்ட்ரியாஸ் ஹொய்ஸ்லெத், ஆட்டப் பெயர் 'ஸிப்பிக்ஸ்'. அணிக்கு ஆதரவாக ஆடுவது அவர் வேலையாக இருந்தது. மற்றவர்கள் வெளிச்சத்துக்கு வர அவர் ஃபிளாஷ் வீசுவார். அணியில் தான் ஒருவர் மட்டும் மிஞ்சி, எதிரே இருவர் மூவர் நிற்கும் நேரத்தில் நிதானமாகக் குண்டை நினைவில் வைத்து ரவுண்டை எடுத்து வருவார். ரசிகர்கள் அந்த நிதானத்துக்கு அமைச்சர் பட்டமே கொடுத்தார்கள்.

2018 லண்டன் இறுதிப் போட்டியில் அஸ்ட்ராலிஸுக்கு எதிரே நின்றது உக்ரைனின் நாடுஸ் வின்சேரே. அதில் ஆடியவர் ஒலெக்ஸாண்டர் கோஸ்திலியெவ். 'சிம்பிள்' என்றால் உலகமே அறியும். அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரராக எச்எல்டிவி அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. குறிபார்ப்பதில் அவருக்கு இணை அன்று யாரும் இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் லண்டனில் அஸ்ட்ராலிஸ் இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. சிம்பிளின் கைக்கு மேஜர் கோப்பை வர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2021 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் அவருடைய அணி ஒரு மேப்பைக்கூட இழக்காமல் கோப்பையைத் தூக்கியது. மேஜர் வரலாற்றில் அப்படி வென்ற முதல் அணி அதுதான். சிம்பிள் 2018லும் அதே சிம்பிள்தான். மாறியது அவரைச் சுற்றி நின்ற நால்வரில் மூவரும், அந்த நால்வரும் அவருக்காகத் திறந்துகொடுத்த இடமும்.

ஒரு தனிமனிதச் சாகசத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 2014இல் கொலோன் நகரில், ஸ்வீடனின் ஓலோஃப் கைப்யெர், குண்டைச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தபோது மேலே நெருப்பு வந்து விழுந்தது. எழுந்து ஓடினால் பிழைக்கலாம், ரவுண்டு போய்விடும். எழவில்லை. எரிந்துகொண்டே முடித்தார். அந்த இடத்தில், 'ஓவர்பாஸ்' மேப்பின் சுவரில், தீயோடு ஓர் உருவத்தை ஆட்டத்தை நடத்துபவர்களே வரைந்து வைத்தார்கள். எத்தனையோ ஆயிரம் கில்கள் நடந்த சுவர் அது. ஓவியமாக நின்றது ஒரு டிஃப்யூஸ், குண்டைச் செயலிழக்கச் செய்த ஒரு கணம்.

கில்லைவிட இலக்குதான் பெரிது என்ற அறிவு வேறு ஆட்டங்களிலும் உண்டு. 2007இல் வந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'இல், அடுத்த ஆண்டு ஒரு தள்ளுவண்டியைச் சேர்த்தார்கள். வெடிமருந்து ஏற்றிய வண்டி. பக்கத்தில் ஆள் நின்றால் நகரும், இரண்டு மூன்று பேர் நின்றால் வேகமாக நகரும், யாருமே இல்லாவிட்டால் சற்று நேரத்தில் பின்னால் உருள ஆரம்பிக்கும். அத்தனை பேரும் சண்டைக்குப் போய்விட வண்டி தனியாக நிற்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், தேர் இழுக்க வந்த கூட்டம் வடத்தை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனது போல் எனக்குத் தவிப்பாக இருக்கும்.

ஒரு கவலையையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. மருமகன் ஆடுவது பெரும்பாலும் சென்னை, மும்பை சர்வர்களில். முன்பின் தெரியாத நால்வரோடு இணைக்கப்படுகிறான். ஒருவர் இந்தி பேசுவார், ஒருவர் மலையாளம், ஒருவர் எதுவுமே பேசமாட்டார். மூன்று இரவுகளில் நான் கேட்ட வசைச் சொற்களை இங்கே எழுத முடியாது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் அது தீ மாதிரி பரவுகிறது. திட்டு வாங்கியவர் மைக்கை அணைத்துவிடுகிறார். அதன்பிறகு அவர் எதிரியைப் பார்த்தாலும் சொல்வதில்லை. ஐவர் அணி நால்வர் ஆகிவிடுகிறது. பெண் குரல் கேட்டதும் வரும் பேச்சுக்குப் பயந்து மைக்கே வேண்டாம் என்று ஆடும் பெண்கள் உண்டு. அவர்கள் சொல்லாமல் விட்ட தகவல்களால் எத்தனை ரவுண்டு போயிருக்கும்! ஆடுகிற தம்பிகள் இதைப் படித்தால், தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். மொழி தடை என்றால் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே எதிரி, இங்கே மருந்து, இந்தப் பக்கம் போகலாம் என்று தோழர்களின் திரையில் குறி தெரியும், குரலும் ஒலிக்கும். வாய் திறக்காமல் மூவர் ஒற்றுமையாக ஆடலாம். காது கேளாதவர்களும் தோளோடு தோள் நிற்கலாம். அந்தப் பொத்தானை யோசித்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருக்கிறது.

இந்த ஆட்டங்களில் பல 17, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியவை என்ற குறிப்போடுதான் வெளிவருகின்றன. பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு வீட்டுக்கு வீடு வேறு. அக்கா வீட்டில் இரவு பதினொன்றரை மணி வரைதான்.

மூன்றாம் சனிக்கிழமை கடைசி ஆட்டம். 12க்கு 11. மருமகன் அணி காக்கிற பக்கம். ஏ இடத்தில் குண்டு வைத்தாகிவிட்டது. இவன் பக்கம் இருவர், எதிரே ஒருவர். கூட ஆடியவர் யாரோ, பெயருக்குப் பதில் எண்கள்தான் தெரிந்தன. செத்த மூவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியவர்கள் காதால் கேட்டு ஆட வேண்டும், அப்போது செத்தவர்கள் மைக்கில் பேசக் கூடாது என்பது இவர்களுக்குள் எழுதாத சட்டம். பிறகு அந்த எண்காரர் ஒரே சொல்லில் "கிட்?" என்று கேட்டார். "மேரே பாஸ்" என்று இந்தியில் சொன்னான் இவன், என்னிடம்தான் என்று பொருள். அவர் ஒரு ஸ்மோக்கைக் குண்டின் மேல் போட்டார், புகைக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். மருமகன் புகைக்குள் போனான். வெளியே சுடும் சத்தம், அவர் விழுந்தார். ஐந்து விநாடி. முடிந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். எண்காரர் எழுத்தில் ஒரு 'என்ஜே' அனுப்பினார், நல்ல வேலை என்று பொருளாம். மருமகன் பதிலுக்கு "யுவர் ஸ்மோக்" என்று அடித்தான். அவ்வளவுதான், அவர் போய்விட்டார். பட்டியலில் அவருக்கு ஆறு கில்.

ஈரோட்டு அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் இரவு மகனின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ரவுண்டு நடக்கும்போது எதுவும் கேட்காதீர்கள். முடிந்ததும் "கிட் யார்கிட்ட இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். நானும் வரும் சனிக்கிழமை கோவை போகிறேன். மிரேஜ் மேப்பின் நடுவில் இருக்கும் ஜன்னலைக் குதித்து வீசி மறைக்கிற ஸ்மோக்கை மருமகன் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
ஆசிரியர்